வரலாம், வரலாம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, மேடம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஸ்கூட்டர்கூடப் பழகவில்லை. ஒருமுறை ஏரிக்கரையில் சைக்கிளில் போனபோது எருமை ஒன்று குறுக்கே வந்தது. மணியடிக்கத் தோன்றாமல், "அம்மா, கொஞ்சம் ஒதுங்கு" என்று வாயால் சொன்னேன். ஒதுங்கியது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆண்டவன் எனக்குக் கொடுத்த வண்டி என் வாய்தான் என்று.

அந்த வாயை வைத்துத்தான் தாம்பரம்–படப்பை மினி பஸ்ஸில் கண்டக்டராகப் பிழைத்தேன். தீனதயாளன் என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும். ரூட் முழுக்க நான் தீனா. முடிச்சூர், மண்ணிவாக்கம் என்று நான் கூப்பிட ஆரம்பித்தால், சோமங்கலம் போகிறவன்கூட ஏறிவிட்டு அப்புறம் இறங்குவான். நான் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் பஸ் கிளம்பும். ஒரு தட்டு தட்டினால் நிற்கும். டிரைவர் கண்ணாடியே பார்க்க மாட்டார். முதலாளி பஸ்ஸை விற்றார். வாங்கியவன் என்னையும் சேர்த்து வாங்கவில்லை. பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று பீர்க்கன்கரணையில் என் தங்கை கீதா வீட்டுக்கு வந்தேன். அந்தப் பத்து நாளில் என் தங்கை மகள் தேவதர்ஷினி பள்ளிக்கூடம் முடித்துக் காலேஜுக்கே போய்விட்டாள்.

நீங்கள் வீட்டைப் பார்த்தீர்கள். ஏரி ஒருமுறை தெருவுக்கு வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போனதிலிருந்து எங்கள் பக்கம் எல்லோரும் வீட்டை உயர்த்திக்கொண்டார்கள். கீதாவின் கணவர் மோகன்ராஜ் மற்றவர்களைவிட ஒரு முழம் கூடுதலாக உயர்த்தினார். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். எதிலும் கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார். வீடு உயர்ந்தது, தெரு உயரவில்லை. அதனால் போர்ட்டிகோவிலிருந்து தெருவுக்கு ஒரு செங்குத்தான சரிவு. வேலையிலிருந்து வந்ததும் காரை மூக்கு உள்ளே இருக்கும்படி ஏற்றி நிறுத்துவார். காலையில் பின்னாலேயே இறக்க வேண்டும். அப்போது கண்ணாடியில் எதிர்வீட்டு மாடியும் அங்கே காய்கிற பாவாடைகளும்தான் தெரியும். கீழே சரிவும் தெரியாது, சரிவு முடிகிற இடத்தில் தெருவோரம் நிற்கும் மின்கம்பமும் தெரியாது.

அதைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. இன்றும் அதை வேலை என்றுதான் சொல்வேன். காலையில் மாப்பிள்ளை சாவியை ஆட்டிக்கொண்டே, "மச்சான், பாத்துக்கோங்க" என்பார். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய் நிற்பேன். "வரலாம், வரலாம், வரலாம். லேசா ஒடிச்சிக்கோ. வரலாம். ஹோல்டான்." கம்பத்துக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் வண்டி நிற்கும். அதன்பிறகு உள்ளே போய் இட்லி சாப்பிடுவேன். வேலை பார்த்துவிட்டுச் சாப்பிடும் இட்லிக்கும் சும்மா சாப்பிடும் இட்லிக்கும் வித்தியாசம் உண்டு, மேடம். சும்மா சாப்பிடும் இட்லியில் சட்னி கேட்க வாய் வராது.

தேவதர்ஷினி கார் பழக ஆரம்பித்ததும் வந்தது வினை. அவளுக்கு நான் பின்னால் நின்று கத்துவது வெட்கமாக இருந்தது. "மாமா, தெருவே பாக்குது. நீ இன்னும் பஸ்ஸுன்னே நெனச்சிக்கினு கீறியா?" என்றாள். என் பேச்சை என்னிடமே திருப்பிப் பேசுவாள், சிரிப்பாகத்தான் இருக்கும். நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் கார் அலங்காரச் சாமான் கடை வைத்திருக்கும் குமரவேல் வந்து, நம்பர் பிளேட்டுக்கு மேலே புளியங்கொட்டை மாதிரி ஒரு கேமராவைப் பொருத்தினான். ரிவர்ஸ் கியர் போட்டால் முன்னாலிருக்கும் திரையில் சரிவு தெரிந்தது, கம்பம் தெரிந்தது, பச்சை மஞ்சள் சிவப்பு என்று கோடு வேறு தெரிந்தது. கம்பம் பக்கத்தில் வந்தால் கீ, கீ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பஸ்ஸும் காருமாக என் இருபது வருட சர்வீஸ் கீ கீ ஆகிவிட்டது.

"மச்சான், இனிமே உங்களுக்கு ரெஸ்ட்டு" என்றார் மாப்பிள்ளை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் எதையும் கெட்ட எண்ணத்தில் சொல்லி நான் பார்த்ததில்லை. அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம், கோபப்பட இடமே கொடுக்க மாட்டார்.

கேமரா முதல் தடவை கெட்டதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆயுத பூஜை அன்று கீதா காரைக் கழுவி, ஸ்டியரிங், நான்கு சக்கரம், பானட், டிக்கி என்று எல்லா இடத்திலும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பின்னால் புதிதாக ஒரு கண் இருப்பதைப் பார்த்திருக்கிறாள். புது சாமான் மனத்தாங்கல் படக் கூடாதே என்று அதற்கும் தாராளமாக ஒரு பொட்டு. மறுநாள் மாப்பிள்ளை ரிவர்ஸ் போட்டால் திரை முழுக்க ஒரே சிவப்பு. தெருவே ரத்தக்களரியாகத் தெரிந்தது.

"மச்சான், கேமரா போயிடுச்சு போல. கொஞ்சம் பின்னால வாங்களேன்."

போனேன். பொட்டைப் பார்த்தேன். விரலால் துடைத்தால் போகிற விஷயம். நான் துடைக்கவில்லை. துடைக்காமல் இருப்பது ஒரு செயலே இல்லையே, மேடம். அதை எந்தச் சட்டத்தில் எழுதுவீர்கள்? "வரலாம், வரலாம்" என்றேன். அன்றைக்கு மூன்று முறை சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் குமரவேல் வந்து துடைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "வருஷா வருஷம் இதே கதண்ணா. ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் கடைக்கு எத்தினி போனு தெரியுமா? சாமி கண்ணத் தெறக்கும்னு கும்புடுறாங்கோ, கேமரா கண்ண மூடிடறாங்கோ."

அப்புறம் மழை வந்தது. லென்ஸுக்குள் ஈரம் புகுந்து படம் பால் ஊற்றியது மாதிரி ஆனது. மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள். வெயில் வந்தது, காய்ந்தது, என்னை விட்டார்கள். வெயிலை அப்படி வெறுத்தது அதுதான் முதல் தடவை.

குமரவேல் வரும்போதெல்லாம் டார்ச் பிடிக்க நான்தான். அவன் பேசிக்கொண்டே வேலை செய்கிறவன். எதைப் பார்க்கிறான், ஏன் பார்க்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். கேமராவுக்கு கரண்ட் எங்கிருந்து? ரிவர்ஸ் லைட்டிலிருந்து. லைட் எரிந்தும் படம் வரவில்லை என்றால்? டிக்கி விரிப்புக்கு அடியில் கேமரா வயர் செருகியிருக்கிற மஞ்சள் ஜாக்கைப் பார். ஜாக் சரியாக இருந்தும் கோடு கோடாக ஓடினால்? எர்த் லூஸ். அந்தக் கருப்பு வயர் பாடியில் பட்டும் படாமலும் இருந்தால், எஞ்சின் ஆஃபில் படம் நன்றாக வரும், எஞ்சின் போட்டதும் அலை அடிக்கும். பழுது பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் பழுதாக்கக் கற்றுக்கொடுப்பதும் ஒரே பாடம்தான் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. வெள்ளை மனசு.

ஜாக்கை நான் லேசாக இழுத்து வைத்தேன். பிடுங்கவில்லை, இழுத்து வைத்தேன். அவன் வந்து அழுத்திவிட்டுப் போனான். சில நாள் கழித்து மறுபடி இழுத்தேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? காலையில் ஒரு நிமிஷம் ஒரு மனுஷனுக்கு வேலை கிடைத்தது. அரசாங்கம் செய்தால் இதற்கு வேலைவாய்ப்புத் திட்டம் என்று பெயர்.

தீபாவளி கழிந்து ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை ஆரம்பித்தார். கீதா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்தே இருவரும் ஏற்கெனவே பேசி முடித்த விஷயம் என்று தெரிந்தது.

"மச்சான், படப்பைல நம்ம ஃபிரெண்டு குடோன் ஒண்ணு இருக்கு. வாட்ச்மேன் வேணுமாம். ரூமு தர்றாங்க. ஃபேனு, பாத்ரூம் எல்லாம் தனியா. தை பொறந்ததும் போயிடலாம். உங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்ல?"

"எனக்கு எதுக்கு மாப்ள மாறுதலு? நான் இன்னா கவர்மென்ட் ஆபீசரா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்க வைத்தால் விஷயம் முடிந்துவிடும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்று சிரித்து முடித்ததும் மாப்பிள்ளை, "அப்ப சரின்னு சொல்லிடறேன்" என்றார்.

கேமரா வருவதற்கு முன்பும் நான் அந்த வீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அப்போது யாரும் படப்பை என்று பேசவில்லை. காலையில் வண்டி இறக்க ஆள் வேண்டுமே. இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மேடம். கணக்கு சரியாகத்தான் வந்தது. கேமரா வேலை செய்தால் நான் படப்பை, செய்யாவிட்டால் பீர்க்கன்கரணை.

அதனால் இந்த முறை ஜாக்கோடு நிற்கவில்லை. சவர பிளேடால் வயரை அறுத்தேன். குமரவேல் வந்து டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் அந்த வெட்டுவாயைப் பார்த்தான். அப்புறம் டார்ச்சைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். வெளியே வந்து மாப்பிள்ளையிடம், "எலி சார். கடிச்சி வெச்சிக்கீது. இந்த ஏரியால இது சகஜம்" என்றான்.

அவர் நகர்ந்ததும் என் பக்கம் குனிந்து, "எலின்னு சொல்லிட்டேண்ணா. கவலப்படாதீங்க" என்றான்.

அவன் சொன்னதை இரக்கம் என்பார்கள். எனக்கு வேறு மாதிரி இருந்தது. அதுவரை அந்த வீட்டில் நான் மாமா, அண்ணன், மச்சான். அன்றிலிருந்து அவன் ஒருவனுக்கு மட்டும் நான் எலி. கீதா எலிக்கு பிஸ்கட் மருந்து வாங்கி வந்து காருக்கு அடியில் வைத்தாள். தேவதர்ஷினி, "மாமா, நீதான் நாள் பூரா வூட்ல கீறியே, ஒரு எலியப் புடிக்க முடியலியா?" என்று கேட்டாள். "அது படிச்ச எலிம்மா, வயரு மட்டும்தான் சாப்டும்" என்றேன். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான்தான் தலையில் தட்டினேன். பாசமான பெண்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. காலையில் தூறல். முந்தின நாளே எர்த் வயரைத் தளர்த்தி வைத்திருந்தேன். திரையில் அலை அடித்தது. குமரவேல் இந்த முறை ஒரு இரும்பு உறை கொண்டுவந்திருந்தான். ஷவர் குழாய் மாதிரி வளையும், ஆனால் பிளேடு இறங்காது. வயர் முழுவதையும் அதற்குள் விட்டு, வண்டிக்கு அடியில் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் கையே வைக்க முடியாதாம்.

"இது போட்டா லைஃப் லாங் பிரச்சன இல்ல சார்" என்றான். யார் லைஃப் என்று அவன் சொல்லவில்லை.

உள்ளே போய் மாப்பிள்ளையோடு டீ குடித்துவிட்டு வந்தான். கூடத்தில் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். வெளியே வந்தவன், கருவிப்பையை எடுத்துக்கொண்டே என்னிடம், "சார்கிட்ட சொல்லிட்டேண்ணா, உங்க விஷயத்த" என்றான். அதற்குள் மாப்பிள்ளை சாவியோடு வந்துவிட்டார். அவன் கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சரிவில் இறங்கி வண்டிக்குப் பின்னால் போனான்.

என் விஷயம் என்று எனக்குத் தெரிந்து ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது.

அலை போய்விட்டதா என்று பார்க்க எஞ்சின் ஓட வேண்டும். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து எஞ்சினைப் போட்டு, ரிவர்ஸ் கியரில் வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். வண்டியின் பின்சக்கரம் சரிவின் உதட்டில். படம் சுத்தமாக வந்தது. "எர்த் ஓகே சார். ஜாக்க கழட்டிட்டு கடைசி கிளாம்ப முடுக்கிடறேன், அப்பால ரோட்ல எறக்கிப் பாக்கலாம்" என்று குமரவேல் குரல் கொடுத்தான். திரை கறுப்பானது. அவன் டிக்கியை மூடிவிட்டு, பம்பருக்குப் பின்னால் சரிவில் குத்தவைத்து உட்கார்ந்து, தலையை அடியில் விட்டிருந்தான். மாப்பிள்ளைக்கு அவன் தெரிய வழியில்லை. கண்ணாடியில் எதிர்வீட்டு மாடி. மழைக்கு அன்று பாவாடைகூட இல்லை.

நான் வண்டியின் இடதுபக்கம், பின்கதவு ஓரமாக, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றேன்.

மாப்பிள்ளை ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினார். "மச்சான், முடிச்சிட்டானா? எடுக்கலாமா?"

குமரவேல் அங்கே இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். சிவப்பு பனியன் போட்டிருந்தான், முதுகில் மழைத்துளி பட்டு அங்கங்கே கறுத்திருந்தது. அவன் கழுத்தில் கிடந்த கயிற்றின் முடிச்சுகூடத் தெரிந்தது. பதற்றத்தில் வாய் தவறியதா என்று கேட்பீர்கள். என் வாய் தவறியதில்லை, மேடம். படப்பை ரூட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

"வரலாம்" என்றேன். டிக்கியில் இரண்டு தட்டு தட்டினேன். "வரலாம், வரலாம்."

குமரவேல் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனைத்தான் மேலே வரச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறான். "வந்துட்டேண்ணா, ஒரு நட்டுதான்" என்றான்.

மாப்பிள்ளை பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். மீதியைச் சரிவு பார்த்துக்கொண்டது. நான் ஹோல்டான் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். சொன்னேன். எப்போதும் சொல்கிற இடத்தில், கம்பத்துக்கு ஒரு சாண் முன்னால் வண்டி வந்தபோது சொன்னேன். அன்றைக்கு அந்த ஒரு சாணில் அவன் இருந்தான்.

ஆட்டோவில் அவனை மடியில் போட்டுக்கொண்டு போனது நான்தான். நான் அழுதேன், அது நடிப்பில்லை. எனக்கு எப்போதும் அழுகை சீக்கிரம் வரும். சீரியல் பார்த்தே அழுவேன். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் அவன் போய்விட்டான்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு கீதா என்னிடம் சொன்னாள். அன்று டீ குடிக்கும்போது அந்தப் பிள்ளை மாப்பிள்ளையிடம், "அண்ணன படப்பைக்கு அனுப்பாதீங்க சார், இங்கியே கடைல என் கூட வெச்சிக்கிறேன், வயரு வேல நல்லா புடிபட்டுகீது அவருக்கு, நைட்டு வூட்டுக்கு வந்துடுவாரு" என்று கேட்டிருக்கிறான். மாப்பிள்ளையும் சரி என்றிருக்கிறார். என் விஷயம் என்று அவன் சொன்னது அதைத்தான். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. முன்னாடியே விவரமாகச் சொல்லியிருக்கலாம். வாய் இருந்தும் பேசத் தெரியாத பிள்ளை.

நான் இப்போது படப்பைக்கும் போக வேண்டாம். "நீ எங்கயும் போவாதண்ணா, கூடவே இரு" என்று கீதா கையைப் பிடித்துக்கொண்டாள். ஆகவே உங்கள் முன்னால் வந்து உட்கார எனக்கு ஒரு அவசியமும் இல்லை. மாப்பிள்ளை மேல் கேஸ் இருக்கிறது, ஜாமீனில் வந்திருக்கிறார், சோறு இறங்கவில்லை. அந்த நல்ல மனுஷனைக் காப்பாற்றத்தான் வந்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் நேற்று வக்கீல் வீட்டுக்கு வந்திருந்தார். "பின்னால ஆள் யாராவது வழி சொன்னாங்களா?" என்று கேட்டார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "யாரும் இல்ல சார். மச்சான் உள்ள இருந்தாரு. நானாத்தான் கால எடுத்துட்டேன்" என்றார். ஸ்டேஷனில் உங்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். என்னைக் கேஸில் இழுத்துவிடக் கூடாதாம். கீதா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, மேடம். குமரவேலை நினைத்து அல்ல. அத்தனை வருஷம் நான் நின்ற இடத்தில் யாரும் இல்லை என்று அவர் எப்படிச் சொல்லலாம்? அங்கே நான் இருந்தேன். நான் சொன்னதால்தான் வண்டி இறங்கியது. அவருக்கு எதிரே அவ்வளவு பெரிய திரை இருந்ததே. அதையா கேட்டார்? என்னைத்தானே கேட்டார்?